பூவணர் வேண்டாமென்ற நாட்கள்

ஆற்றின் நடுவே இருந்த திட்டில் சேந்தியம்மை என்ற துறவி குடிசை போட்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு சீடர், விடங்கர். வயதில் அம்மையைவிட மூத்தவர். அரசரின் ஒற்றராக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டு வந்தவர்.

ஒரு பனிக்காலத்துக் காலையில் அரண்மனை ஆள் விடங்கரைத் தேடி ஓடத்தில் வந்தான்.

"சுங்க அதிகாரி பூவணரின் மனைவி மேல்முறையீடு செய்திருக்கிறாள். இன்று அவையில் மறுவிசாரணை. உங்கள் சாட்சியை மறுபடி கேட்க வேண்டுமாம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். விடங்கர் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"நான் போகத்தான் வேண்டுமா, அம்மா?"

அம்மை தம் ஓடத்தை அவிழ்த்தார். விடங்கர் ஏறிக்கொண்டார்.

நீர் எது, வானம் எது என்று தெரியாதபடி பனி மூடியிருந்தது. துடுப்பின் சத்தம்கூட வேறு யாரோ எங்கோ ஓட்டிச் செல்வதுபோல் கேட்டது.

"பூவணர் என்ன செய்தார்?"

"கையூட்டு வாங்கினார். முத்து வணிகனாக வேடமிட்டுப் போனவன் நான்தான். சுங்கம் இல்லாமல் சரக்கை விடச் சொல்லி ஒரு முத்துச்சரத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். திரைக்குப் பின்னால் காவலர்கள் நின்றிருந்தார்கள்."

"வாங்கியது உண்மைதானே?"

"உண்மைதான்."

"பிறகென்ன?"



"அதற்கு முன்பும் பலமுறை கேட்டிருந்தேன், அம்மா. முதலில் சிரித்துக்கொண்டே வேண்டாமென்றார். அப்புறம் கோபப்பட்டார். ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்து, 'இந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடும், வணிகரே. மற்றபடி எப்போது வேண்டுமானாலும் வாரும்' என்றார். நானும் போய்க்கொண்டே இருந்தேன். பிறகு அவர் மகள் காய்ச்சலில் விழுந்தாள். வைத்தியத்துக்கு வழியில்லாமல் அவரே என் விடுதிக்கு வந்தார். அன்றைக்குத்தான் திரை கட்டினேன்."

"இதையெல்லாம் அவையில் சொன்னீரா?"

"யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை."

பனிக்குள்ளிருந்து திடீரென்று கரை வந்து ஓடத்தில் முட்டியது. அரண்மனைத் துறை.

விடங்கர் எழுந்திருக்கவில்லை.

"நான் இதைச் சொன்னால், குற்றம் செய்தவர் தப்பிவிட மாட்டாரா?"

"தீர்ப்புச் சொல்லவா உம்மைக் கூப்பிட்டார்கள்?"

விடங்கர் இறங்கி நடந்தார்.

அவையில் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டது, மறுத்தது, மறுபடி கேட்டது, மோர் குடித்தது, ஒன்றையும் விடவில்லை. சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட பூவணர் இளைத்துப்போயிருந்தார். "நான் வாங்கியதும் நிஜம்தான், அரசே" என்று மட்டும் சொன்னார். ஓரமாக அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். அவள் பிழைத்துவிட்டாள் என்பதே விடங்கருக்கு அப்போதுதான் தெரிந்தது.

 பதவி போனது போனதுதான் என்றார் அரசர். சிறையிலிருந்து பூவணரை விட்டுவிடச் சொன்னார்.

விடங்கர் துறைக்குத் திரும்பியபோது மாலையாகியிருந்தது. பனி விலகி, ஆறு பால்போல் அசையாமல் கிடந்தது. அம்மை ஓடத்திலேயே காத்திருந்தார். விடங்கர் ஏறியதும் துடுப்புப் போட்டார்.

"விட்டுவிட்டார்களா?"

"விட்டுவிட்டார்கள்."

"பூவணர் உம்மிடம் பேசினாரா?"

"துறைவரை என் பின்னாலேயே வந்தார், அம்மா. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. 'என் மகள் நினைவில்லாமல் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அழுதீரே, அதுவும் வேடம்தானா?' என்று கேட்டார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓடத்தில் ஏறிவிட்டேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

அம்மை துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் இன்னும் துறையில்தான் நிற்கிறார். ஓடத்தைத் திருப்பவா?"