அறுநூறு பாய்ச்சல் தண்ணீர்

பெரியமடை ஏரியில் சுழியன் என்றொரு நீர்நாய் இருந்தான். மூன்று வருடமாக அந்த ஏரியில் அவனை முந்தி நீந்தியவர் யாரும் இல்லை. இதை அவனே எல்லாரிடமும் சொல்லுவான். கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. விவசாயிகள் மடையைத் திறப்பதற்கு முந்தின நாள் நீச்சல் போட்டி நடக்கும். மடைக்கல்லில் புறப்பட்டு எதிர்க்கரையில் காலை வைக்க வேண்டும். முதலில் வைப்பவருக்கு அந்த வருடம் முழுக்க மடைவாய் சொந்தம். மடை திறந்தால் மீனெல்லாம் அந்த இழுப்புக்கு வந்து குவியும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே போதும், வயிறு நிறையும்.

எவ்வளவு தூரம் நீந்த வேண்டும்? அதற்கு ஒரே விதிதான். தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறதோ, போட்டியும் அதுவரைக்கும்.

மூன்று வருடமாக நல்ல மழை இல்லை. ஏரி வற்றி, மடைக்குப் பக்கத்தில் ஒரு குட்டையாகக் கிடந்தது. சுழியன் கணக்கில் மொத்தமே நாற்பது பாய்ச்சல். தவளைகள் "ஆரம்பிச்சுட்டான்!" என்று கத்தி முடிப்பதற்குள் அவன் அக்கரையில் உடம்பை உதறிக்கொண்டிருப்பான்.

இந்த வருடம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே வழிந்தது. எதிர்க்கரை எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. தண்ணீரைப் பார்த்ததும் வடக்கேயிருந்து நாற்பது கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. அவற்றின் தலைவர் தாடைநாதன். வந்த அன்றைக்கே மடைக்கல்லில் ஏறி நின்று, கழுத்துப் பையை ஆட்டினார்.

"இந்த இடம் யாருது?"

"என்னுது!" என்றான் சுழியன்.

"இந்த வருஷத்துக்குமா?"

"எல்லா வருஷத்துக்கும்!"

போட்டிக்கு நடுவர் நாமக்கோழி. நெற்றியில் வெள்ளையாகப் பட்டை இருப்பதால் தான் சொல்வதுதான் சட்டம் என்று அதற்கு ஒரு நினைப்பு. அது குறுக்கே நீந்திப் போய் அளந்துவிட்டு வந்தது.

"அறுநூறு பாய்ச்சல்! பறக்கக் கூடாது! தரையில நடக்கக் கூடாது! இன்னும் இருபது நாள் இருக்கு!"

"அறுநூறா? பூ!" என்றான் சுழியன். உடனே எல்லார் முன்னாடியும் தண்ணீரில் குதித்தான். அம்பு மாதிரி போனான். ஐம்பது பாய்ச்சல். எண்பது. நூறு. நூற்றுப்பத்தாவது பாய்ச்சலில் கால் கல்லாகிவிட்டது. நூற்றிருபதில் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. மல்லாந்து மிதந்தான். வானம் சுற்றியது.

அந்த வழியாக நாச்சம்மா என்ற எருமை இக்கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தினமும் காலையில் அக்கரைக்கு நீந்திப் போய் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவது அவள் வேலை.

"என்னடா சுழியா, செத்துட்டியா?"

"இல்லக்கா... சும்மா... வெயில் காயுறேன்."

"வெயிலே இல்லையே!"

அவள் வாலைப் பிடித்துக்கொண்டுதான் கரை சேர்ந்தான். நாற்பது கூழைக்கடாக்களும் வரிசையாக நின்று சிரித்தன. தவளைகள் சேர்ந்து சிரித்தன. போன வருடம் இதே தவளைகள்தான் அவனுக்குக் கைதட்டின.

சுழியனுக்கு மானம் போனதுகூடப் பெரிதில்லை. மடைக்கு மேலே கரையில்தான் அவன் வளை இருந்தது. உள்ளே அவன் மனைவி பவளாயி நிறைமாதமாகப் படுத்திருந்தாள். தண்ணீர் இப்படிப் பரந்து கிடக்கும்போது மீனைத் தேடி ஏரி முழுக்க அலைய வேண்டும். குட்டிகள் பிறந்து நீந்தப் பழகும்வரை அவளால் வளையைவிட்டு நகர முடியாது. மடைவாய் கையில் இருந்தால் வாசலிலேயே சாப்பாடு. இல்லையென்றால் குட்டிகள் பட்டினி. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் சுழியன் பயிற்சியில் இறங்கினான். நாற்பது பாய்ச்சல் பறப்பான். கரையேறிப் படுப்பான். எழுந்து மறுபடி நாற்பது. மறுபடி படுப்பான். சாயங்காலம் வளைக்குள் வந்து காலைப் பரப்பிக்கொண்டு விழுந்தான்.

"பதினஞ்சு தடவை போனேன், பவளாயி! நாற்பதைப் பதினஞ்சால பெருக்கிப் பாரு. அறுநூறு! கணக்கு கச்சிதமா வருது!"

பவளாயி ஒரு மீன் முள்ளைத் துப்பினாள். "கணக்கு சரிய்யா. நடு ஏரியில பதினாலு தடவை படுத்துக்கறதுக்குக் கரையை யாரு கொண்டுவந்து போடுவா?"

சுழியன் விரலை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தான்.

"நாளைக்கு நாச்சம்மாக்கா பின்னாடி போ" என்றாள் பவளாயி.

"அந்த எருமை பின்னாடியா? அது நீந்துறதுக்குள்ள நான் நாலு தூக்கம் போட்டு எந்திரிச்சிடுவேன்!"

"அது தினம் ரெண்டு தடவை ஏரியைத் தாண்டுது. நீ ஒரு தடவையாவது தாண்டியிருக்கியா?"

சுழியன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் நாச்சம்மாவிடம் போய் நின்றான். அவள் அசைபோட்டபடி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. நான் புல்லு தின்னப் போறவ. வர்றதுன்னா வா. ஆனா என்னை முந்தக் கூடாது. முந்துனா வீட்டுக்குப் போயிடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அது எவ்வளவு கஷ்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருபது பாய்ச்சல் தூரம்கூடத் தாண்டவில்லை, சுழியன் அவளுக்கு முன்னாடி இருந்தான்!

"வீட்டுக்குப் போ!" என்றாள் நாச்சம்மா.

"தெரியாம வந்துட்டேன்க்கா! காலு தானாப் போகுது!"

"தானாப் போற காலைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ!"

இரண்டாம் நாளும் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் நாள் அவன் மூக்கை அவள் வாலுக்கு நேராக வைத்துக்கொண்டான். எருமை நடு ஏரியில் சாணி போட்டது. முழுக்க அவன் முகத்தில்!

"அக்கா! இது நியாயமா?"

"என் பக்கத்துல பக்கவாட்டுல வந்திருக்கலாமே. பின்னாடியே வரச் சொல்லி நான் சொல்லலியே!"

அன்றிலிருந்து பக்கவாட்டில் போனான். அப்போதுதான் அவள் மூச்சு அவன் காதில் விழுந்தது. ஒவ்வொரு நாலு எட்டுக்கும் ஒரு 'புஸ்ஸ்'. கரையில் புறப்பட்டபோதும் அதே 'புஸ்ஸ்'. நடு ஏரியிலும் அதே. அக்கரைக்குப் பக்கத்திலும் அதே. சுழியனோ முதலில் மூச்சே விடாமல் போவான், அப்புறம் விடாத மூச்சையெல்லாம் சேர்த்து வாங்கப் பார்ப்பான். இப்போது அவனும் நாலு எட்டுக்கு ஒரு தடவை மூச்சு விட்டான். சலிப்பு என்றால் சலிப்பு, அப்படி ஒரு சலிப்பு! கால் அரித்தது. குறுக்கே கெண்டைக் கூட்டம் துள்ளியது. விரட்டிப் பிடிக்கலாமா என்று உடம்பே துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'புஸ்ஸ்' என்றான்.

எட்டாம் நாள், கால் திடீரென்று மண்ணில் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அக்கரை!

"அக்கா! வந்துட்டேன்! மூச்சுகூட வாங்கலை!"

"சரி. கத்தாதே. சாயங்காலம் திரும்பிப் போகணும்" என்று சொல்லிவிட்டு அவள் மேயப் போய்விட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் சுழியன் பொறுக்க முடியாமல் கேட்டான். "இப்படியே போனா அந்தத் தாடைநாதன் எனக்கு முன்னாடி போயிடுவாரேக்கா! நான் எப்பத்தான் ஓடுறது?"

நாச்சம்மா கொஞ்சம் யோசித்தாள். "தூரத்துலேருந்து பார்த்தா கரை மொத்தமும் ஒரே பச்சையாத் தெரியும். அப்ப ஓடாதே. புல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிய ஆரம்பிக்கும்ல, அப்ப ஓடு. எனக்கெல்லாம் அப்பத்தான் பசியே வரும்."

போட்டி நாள் வந்தது. கரை முழுக்கக் கூட்டம். பவளாயி வயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வளை வாசலில் வந்து உட்கார்ந்தாள். சுழியன் அவளைப் பார்த்தான். பயந்தான். உண்மையிலேயே பயந்தான்.

தாடைநாதன் மடைக்கல்லில் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "என்னப்பா, எருமை வாலைப் பிடிச்சுப் பழகினியாமே! இன்னைக்கு யார் வாலைப் பிடிக்கப் போறே?"

"உங்க வாலைத்தாண்ணே. ரொம்ப நேரம் பிடிக்க மாட்டேன்."

"குதி!" என்று கத்தியது நாமக்கோழி.

தாடைநாதனுக்கு ஒரு திட்டம் இருந்தது. சாதாரணமாக அவர் நிதானமாக நீந்துகிறவர். அந்த நிதானத்தில் நாள் முழுக்க நீந்துவார். ஆனால் சுழியனைச் சீண்டிவிட்டால் அவன் நூறு பாய்ச்சலில் செத்துவிடுவான் என்பதை அன்றைக்கே அவர் கண்ணால் பார்த்திருந்தார். அதனால் முதலில் அவரே வேகமாகப் போனார். சுழியன் துரத்துவான் என்று திரும்பிப் பார்த்தார்.

சுழியன் துரத்தவில்லை. 'புஸ்ஸ்' என்றான்.

"பின்தங்கிட்டான்! பின்தங்கிட்டான்!" என்று தவளைகள் கூத்தாடின. சுழியனுக்குக் காது கொதித்தது. கால் துடித்தது. ஒரே ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் வாயை மூட வைக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. புஸ்ஸ்.

"என்னப்பா, தூங்கிட்டியா?" தாடைநாதன் இன்னும் வேகமாகப் போனார். திரும்பிப் பார்த்தார். புஸ்ஸ். அவருக்கு எரிச்சல் வந்தது. சீண்டினால் சீறாதவனை என்ன செய்வது? இன்னும் வேகமாகச் சீண்டுவதுதான்! நடு ஏரியில் அவர் ஐம்பது பாய்ச்சல் முன்னால் இருந்தார்.

கரையில் பவளாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

நடு ஏரியில் அலை பெரிதாக அடித்தது. சுழியனுக்கு ஆசை விட்டுப்போனது. ஐம்பது பாய்ச்சல்! இனி எங்கே பிடிப்பது? இப்போதே ஓடினால்தான் உண்டு. முன்னால் பார்த்தான். கரை பச்சையாக இருந்தது. வெறும் பச்சை. "நாசமாப் போற பச்சை!" என்று முணுமுணுத்துவிட்டு, மறுபடி நாலு எண்ணினான்.

அவன் வேகத்தைக் கூட்டவில்லை. ஆனாலும் ஐம்பது நாற்பதானது. நாற்பது முப்பதானது. சுழியனுக்கே புரியவில்லை. அப்புறம் தாடைநாதனின் கழுத்தைப் பார்த்தான். நிமிர்ந்திருந்த கழுத்து வளைந்துகொண்டே வந்தது. கழுத்துப் பை தண்ணீரில் இழுபட்டது. அவர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பேச்சையும் நிறுத்திவிட்டார்.

இருபது. பதினைந்து.

கரையில் ஒரு கோரை தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு கோரை. அதற்கு நடுவே ஒரு அருகம்புல், காற்றில் ஆடியது!

சுழியன் பாய்ந்தான். காலில் இவ்வளவு வேகம் மிச்சம் இருக்கும் என்று அவனே நினைக்கவில்லை! தண்ணீர் இரண்டாகப் பிளந்தது. தாடைநாதன் பக்கவாட்டில் ஏதோ பழுப்பாகப் போவதை மட்டும் பார்த்தார். இறக்கையை விரிக்கப் போனார். "பறக்கக் கூடாது!" என்று பின்னாலேயே பறந்து வந்த நாமக்கோழி அலறியது. மடக்கிக்கொண்டார்.

சுழியனின் கால் மண்ணில் பட்டது. ஒரு கழுத்து நீளம் கழித்துத் தாடைநாதன் வந்து, புல்லில் அப்படியே குப்புற விழுந்தார்.

தாடைநாதன் மூச்சு வாங்கியபடியே தலையைத் திருப்பினார்.

"அந்த வேகம்... கடைசியில... எங்கேருந்துப்பா வந்துச்சு?"

"புதுசா எங்கேருந்தும் வரலண்ணே. எப்பவும் இருந்ததுதான். வழக்கமா முதல் நாற்பதுலயே தீர்த்துடுவேன். இன்னைக்குத் தீர்க்கலை."

தாடைநாதன் கண்ணை மூடியபடியே சொன்னார்: "நான் தீர்த்துட்டேன். உன்னைச் சீண்டியே தீர்த்துட்டேன்."

மடைவாய் சுழியனுக்கே என்று நாமக்கோழி அறிவித்தது. கூழைக்கடாக்கள் முணுமுணுத்துக்கொண்டு ஏரியின் தென்கோடிக்குப் போயின. தவளைகள் "எங்களுக்கு அப்பவே தெரியும்!" என்றன. சுழியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அப்போதுதான் எதிரே பார்த்தான்.

அவன் வளை அந்தக் கரையில் இருந்தது. பவளாயி அந்தக் கரையில் இருந்தாள். நடுவில் மறுபடியும் அறுநூறு பாய்ச்சல் தண்ணீர்!

அங்கிருந்து ஒரு தவளை கத்தியது. "டேய் சுழியா! பவளாயிக்கு வலி எடுத்துடுச்சு!"

பழைய சுழியனாக இருந்தால் பாய்ந்திருப்பான், நடுவழியில் மல்லாந்து மிதந்திருப்பான். இவனுக்கும் பாயத்தான் தோன்றியது. மெதுவாகத் தண்ணீரில் இறங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இப்போது வேடிக்கை பார்க்க யாரும் இல்லை, கைதட்டவும் யாரும் இல்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது வளைக்குள் முதல் குட்டி கண் திறக்காமல் கத்திக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் பிறக்கும்போது அவன் பக்கத்திலேயே இருந்தான்.

வேகம் இருக்கிறது என்பதற்காக எடுத்த எடுப்பிலேயே அதைக் கொட்டித் தீர்ப்பவன் பாதித் தண்ணீரில் மிதப்பான். அளந்து செலவழிப்பவன் அக்கரையையும் தொடுவான், வீட்டுக்கும் திரும்பி வருவான்.