பஸ் பேச்சை விட்ட நாள்

அந்தக் காலத்தில் காகம் பேசும், மாடு பேசும், டவுன் பஸ்ஸும் பேசும். அப்போது டிரைவர் கிடையாது, பஸ் தானே பார்த்துப் போகும். காகமும் மாடும் தேவைக்குத்தான் பேசின. பஸ்ஸுக்கு மட்டும் வாய் ஓயாது. "ஏம்மா, அந்தப் பையில கருவாடுதானே?" என்று எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்கும். புதுச் செருப்பு போட்டு ஏறினால் அதற்கொரு விசாரணை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஊரைச் சுமக்கிறோமே, ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா என்பது அதன் நியாயம்.

அதனால் அவரவர் சாமானை அவரவரே இறுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. உட்கார்ந்திருப்பவர் இரக்கப்பட்டுக் கை நீட்டினால் போதும், "யாரு அவரு உனக்கு?" என்று பஸ் ஆரம்பித்துவிடும். அத்தனை பேர் நடுவில் என்னவென்று பதில் சொல்வது? நீட்டிய கை மடங்கிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வியாசர்பாடியில் அமலோற்பவம் ஏறினாள். கையில் ஒயர் கூடை, அதற்குள் தூக்குச்சட்டி நிறையச் சூடான நொய்க் கஞ்சி. அவள் கணவனுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஆறு நாள். இன்றைக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்று முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார். எட்டரைக்கு மேல் வார்டுக்குள் விடமாட்டார்கள்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கம்பிக்கும் கூடைக்கும் நடுவே அவள் தள்ளாடுவதை, சீட்டில் இருந்த துரைக்கண்ணு பார்த்தார். ஐம்பது வயது, பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்.

"குடும்மா, நான் வச்சுக்கறேன்" என்று கை நீட்டினார்.

கூடை பாதி தூரம் போயிருக்கும். "யாரு அவரு உனக்கு?" என்றது பஸ். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார். அமலோற்பவத்துக்குக் கூசிப்போய்விட்டது. கூடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சொல்லேன்! மாமாவா, சித்தப்பாவா?"

பதில் கேட்கும் ஆசையில் பஸ்ஸின் கவனம் முழுக்க உள்ளே இருந்தது. ரோட்டில் ஒரு மாடு குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"யோவ், முன்னாடி பாரு!" என்று மாடு கத்திய பிறகுதான் பிரேக் விழுந்தது.

கூடை சரிந்தது, சட்டியின் மூடி தெறித்தது. துரைக்கண்ணு பாய்ந்து சட்டியை இரண்டு கையாலும் வாரிப் பிடித்தார். பாதிக் கஞ்சி அவர் வேட்டியில் கொட்டியது. தொடை எரிந்தது. அவர் பிடியை விடவில்லை.

"ஐயோ, ஆறு நாளா தண்ணிகூட எறங்காத மனுசன்!" என்று அமலோற்பவம் அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். "திரும்பிப் போய் காய்ச்ச நேரமில்லையே."

துரைக்கண்ணு சட்டியை எட்டிப் பார்த்தார். "பாதி இருக்கும்மா. மொத நாளு இதுவே அவருக்குச் சாஸ்தி" என்று மூடியைத் தேடி மூடி, கூடையோடு மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தது. இந்த வாயால்தானே இத்தனையும் என்று தோன்றவே, அப்படியே மூடிக்கொண்டது. ஒவ்வொரு பள்ளமாக ஒதுங்கி ஒதுங்கிப் போய், ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. மணி எட்டு இருபது. துரைக்கண்ணு கூடையை நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டு ஓடினாள். வார்டில் அவள் கணவன் ஆறு ஸ்பூன் குடித்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

அதோடு பஸ் பேச்சை விட்டது. ரோட்டைப் பார்க்க ஒரு டிரைவரை உட்காரவைத்து, அவரோடும் பேசக்கூடாது என்று எழுதிப் போட்டார்கள். நிற்கும்போதெல்லாம் பஸ் புஸ்ஸென்று ஒரு மூச்சு விடுகிறதே, அது அன்று விழுங்கிய மன்னிப்புதான்.

அன்று முதல்தான், நின்று வருகிறவர்கள் முன்பின் தெரியாதவர் மடியில் பையை வைக்கிறார்கள். பெயர் கேட்பதில்லை. மடி கொடுத்தவரும் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இறங்கும்போது நன்றிகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போகிறோம். பஸ்ஸின் காதில் விழுந்தால் மறுபடி ஆரம்பித்துவிடுமோ என்று ஒரு பயம்.