ராஜா கிழிக்காத கோடித் துணி

முன்னொரு காலத்திலே பாலாழி நாட்டை நெடுமிடல் ராஜா ஆண்டுவந்தார். நொடிக்கொரு புத்தி அவருக்கு. ரசத்தில் உப்புத் தூக்கல் என்று சமையல்காரரை நாடு கடத்துவார். மறுநாள் பசித்ததும் பல்லக்கு அனுப்பி அழைத்துக்கொள்வார். அந்த வருஷம் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. தங்கள் தலைவனைச் சிறைபிடித்ததற்குப் பழிவாங்க, கலகக்காரர் நாலு பேர் திருவிழாப் பந்தலுக்குத் தீ வைத்தார்கள். அதில் செத்த கூட்டத்தோடு ராஜாவின் ஐந்து வயசு மகள் குழலியும் போய்விட்டாள், பாவம்!

தீ வைத்தவர்கள் குருவிப்பாறை என்ற மலையூர்ப் பக்கம் பதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது.

"ஊரையே கொளுத்திவிடலாம் மகாராஜா!" என்று குதித்தார் தளபதி உக்கிரசேனர். மந்திரி பூதனாரின் பேச்சு சபையில் எடுபடுவதைப் பார்த்து வெகுநாளாக வயிறெரிந்தவர். "தடுக்கிறவன் துரோகி!"

பூதனார் தம் தாடியைத் தடவிக்கொண்டார். குழலி அவர் தாடியைப் பிடித்து இழுத்து விளையாடிய குழந்தை. கொளுத்தட்டுமே என்று அவர் மனசும் ஒரு கணம் சொல்லிவிட்டது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"அப்படியே செய்யலாம்," என்றார். தளபதி வாயைப் பிளந்தார். "ஆனால் நம் வழக்கம் இருக்கிறதே! ராஜகட்டளையால் சாகிறவர் யாரானாலும், பிணத்தின்மேல் போர்த்த ராஜாதான் தம் கையால் கோடித் துணி கிழித்துத் தரவேண்டும். குருவிப்பாறைக்கும் கிழித்துவிட்டுப் படையை அனுப்புங்கள்."

துணி மூட்டைகள் வந்தன. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு பரபரவென்று கிழித்தார். "நாலு கொலைகாரருக்கும் ஆயிற்று. அடுத்து?"

"ஊர் மருத்துவச்சிக்கு."

கிழித்தார்.

"ஆடு மேய்க்கிற கிழவருக்கு."

மெதுவாகக் கிழித்தார்.

"அடுத்தது ஒரு சின்னப் பெண். ஐந்து வயசு இருக்கும். எத்தனை முழம் பிடிக்கும் மகாராஜா? அளவு உங்களுக்குத்தானே தெரியும்."

"அடப் பாவி!" என்று கத்தினார் ராஜா. பிறகு துணியை முகத்தில் பொத்திக்கொண்டு, "மூணு முழம்கூட ஆகலையே பூதா," என்று விம்மி விம்மி அழுதார். பூதனாரும் அழுதுவிட்டார்.

அழுகை அடங்கியதும் ராஜா தளபதியைக் கூப்பிட்டார். "கத்தியைக் கழற்றி வை. இந்த நாலு துணியை மட்டும் தலையில் சுமந்துகொண்டு நடந்து போ. மற்ற யார்மேலும் கை படாது என்று என் பேரில் சத்தியம் செய்து, அந்த நாலு பேரை ஒப்படைக்கும்படி ஊராரைக் கேள்." தம் முத்துமாலையைக் கழற்றிப் பூதனார் கழுத்தில் போட்டார். அது அவருக்குப் பாரமாகத்தான் இருந்தது.

சத்தியத்தை நம்பி ஊரார் நாலு பேரையும் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு அம்மாவும் வந்தாள்.

"இவங்க ஒளிஞ்சிருந்த குகையைக் காட்டிக் கொடுத்தது நான்தான் சாமி. இதோ, இவன் என் பிள்ளை. பந்தலிலே செத்ததும் பிள்ளைங்கதானே. இவனுக்கு உள்ள கோடியை மட்டும் என் கையில கொடுங்க. நானே போர்த்திவிடறேன்."

ராஜா எழுந்து வந்து, துணியை இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் அதை விரித்து முழம் போட்டுப் பார்த்தாள்.

"நீளம் அதிகம் சாமி. என் பிள்ளை குள்ளம்."

வழக்கப்படி ராஜாதான் கிழிக்க வேண்டும். அவருக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளே கிழித்துக்கொண்டாள்.