சுவரை உடைத்த இருவாச்சி

மலைக்காட்டில் நெடுவாயன் என்றொரு இருவாச்சிப் பறவை வாழ்ந்தான். அவன் மனைவியின் பெயர் வெண்கண்ணி. ஆற்றோரம் நின்ற உயரமான அயனிமரத்தின் பொந்துதான் அவர்களுக்கு வீடு.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். மண்ணையும் பழக்கூழையும் எச்சத்தையும் குழைத்து வாசலைச் சுவராக அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சமிருக்கும். உள்ளே போனதும் தன் இறகுகளையும் உதிர்த்துவிடும். புது இறகு முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. குஞ்சு பொரித்து அதன் இறக்கை பலப்படும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. இதில் அவசரப்பட்டால் நடக்காது.

அந்த வருடம் அவர்களுக்கு ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. நெடுவாயனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாளைக்கு ஆறு நடை பறந்து பழம் கொண்டுவந்தான்.

ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆலமரம் பழுத்துக் கிடந்தது. காட்டில் பாதிப்பேர் அங்கேதான் சாப்பிட வருவார்கள். ஒருநாள் அவன் அங்கே பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்த காட்டுக்கோழி ஒன்று தலையைத் தூக்கியது. அதற்கு முன் அவன் அதைப் பார்த்ததுகூட இல்லை.

"என்னண்ணே, வீட்ல பிள்ளை பொறந்திருக்காமே. எத்தனை நாள் ஆச்சு?"

"முப்பது நாள் ஆச்சும்மா."

"முப்பதா? இன்னும் வெளிய வரலையா? என் பிள்ளைங்க எல்லாம் முட்டையை விட்டு வந்த அன்னைக்கே ஓடி எரை பொறுக்குச்சுங்களே!"

நெடுவாயன் சிரித்துவிட்டுப் பறந்திருக்கலாம். அவனோ வாயிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் சொல்ல உட்கார்ந்தான். எங்கள் குலத்து வழக்கம் இப்படி, சுவர் இப்படி, இறகு இப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கோழி ஒரு காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டது.

"அதெல்லாம் சரிண்ணே. அக்கறையில சொல்றேன், எதுக்கும் பிள்ளையை யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிடுங்க."

அந்தக் கோழிக்குப் பின்னால் எட்டுக் குஞ்சுகள் ஓடின. போன வாரம் பதினொன்று இருந்தன. மற்ற மூன்றும் எங்கே என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

நெடுவாயன் வீடு திரும்பிக் கீறல் வழியாகப் பழத்தை நீட்டினான். "நம்ம பிள்ளை நல்லாத்தானே இருக்கான்?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கான். ஏன் கேக்குற?"

"இல்ல, சும்மாதான்."

வெண்கண்ணிக்குப் பொய் எது என்று தெரியும். ஆனால் குஞ்சு பசியில் கத்தியது, அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஆலமரத்தில் ஒரு மந்தி அவனைப் பிடித்துக்கொண்டது. அதன் வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீதானே அந்த அயனிமரத்துக்காரன்? கோழி சொல்லுச்சு. பையனுக்கு இறகு முளைச்சிருச்சா, இன்னும் அப்படியேதானா?"

கோழி சொல்லிவிட்டது! காடு முழுக்கத் தன் பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு என்று நெடுவாயனுக்குத் தோன்றியது. உண்மையில் குஞ்சின் உடம்பில் அப்போது முள்முள்ளாகக் குருத்துதான் விட்டிருந்தது. அந்த வயதுக்கு அதுவே சரி. ஆனாலும் வெட்கம் அவனைத் தின்றது.

"முளைச்சாச்சு. உள்ளேயே படபடன்னு அடிக்கிறான்" என்றான்.

"அப்ப ஏன் இன்னும் அடைச்சு வெச்சிருக்கீங்க? கூட்டிட்டு வா, நாங்களும் பார்ப்போம்."

"வர்றோம், வர்றோம்."

பக்கத்துக் கிளையில் ஒரு மரங்கொத்தி தட்டுவதை நிறுத்திவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. "பொந்து விஷயத்துல எனக்குத் தெரியாதது கிடையாது தம்பி" என்று அது ஆரம்பித்தது. "இது பிள்ளையோட குறை இல்ல. உன் பொண்டாட்டி பொத்திப் பொத்தி வளர்க்கிறா. சுவத்தை உடைச்சு வெளிய விடு, தானாப் பறப்பான்."

அன்றிலிருந்து நெடுவாயன் அந்த ஆலமரத்துப் பக்கமே போகவில்லை. யார் கண்ணிலும் படாமல் இரண்டு மலை தாண்டிப் போய்ப் பழம் தேடினான். ஆறு நடை இரண்டு நடையானது. குஞ்சு நாள் முழுக்கக் கத்தியது. இளைக்கவும் ஆரம்பித்தது.

"ஏன் பழம் குறைஞ்சுபோச்சு?" என்று கேட்டாள் வெண்கண்ணி.

"இந்தப் பக்கம் பழமே இல்ல."

"கீறல் வழியாப் பார்த்தா அக்கரை ஆலமரம் செக்கச்செவேல்னு தெரியுது. என்ன நடந்தது? சொல்லு."

அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"அவங்க கேட்டது தப்புன்னா நீ பதில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. ஒண்ணுக்குப் பதில் சொன்னா அடுத்ததைக் கேக்க உரிமை வந்துரும். நீ பொய் வேற சொல்லிட்டு வந்திருக்க."

"நாலு பேர் பேசுறாங்களே, நான் என்ன செய்ய?"

"அந்த நாலு பேர்ல நம்ம பிள்ளைக்கு ஒரு பழம் கொண்டுவந்து கொடுத்தது யாரு?"

நெடுவாயன் மறுநாள் ஆலமரத்துக்கே போகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தான்.

மறுநாள் அவன் கிளம்பும் முன்பே அயனிமரத்தடியில் சத்தம் கேட்டது. மந்தி வந்திருந்தது, கோழி வந்திருந்தது, மரங்கொத்தியும் வந்திருந்தது. வேடிக்கை பார்க்க இன்னும் யார் யாரோ வந்திருந்தார்கள்.

"வர்றேன் வர்றேன்னு சொன்ன, ஆளையே காணோம். அதான் நாங்களே வந்துட்டோம்" என்றது மந்தி. "எங்கேப்பா பையன்?"

"இறகு முளைச்சிருக்கான்னு பார்த்தாத்தானே தெரியும்" என்றது கோழி.

நெடுவாயனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுவரருகே போய், "இன்னைக்கு ஒரு நாள் முகத்தைக் காட்டட்டும். பார்த்துட்டுப் போயிருவாங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

"வேண்டாம். இன்னும் ஒரு மாசம் ஆகும். எனக்கே இறகு பாதிதான் முளைச்சிருக்கு. உடைக்காத."

அவன் உடைத்தான். அவள் உள்ளேயிருந்து ஈர எச்சத்தை அள்ளி அள்ளி அப்பினாள். அவனுடைய பெரிய அலகுக்கு முன்னால் அது நிற்கவில்லை. சுவர் பெயர்ந்து விழுந்தது.

வெளிச்சம் தாங்காமல் குஞ்சு கண்ணை மூடிக்கொண்டது.

"அய்யே, இவ்வளவுதானா?" என்றது மந்தி.

"நான் அப்பவே சொன்னேன்ல, காட்டணும்னு" என்றது கோழி.

நெடுவாயன் குஞ்சின் பக்கம் திரும்பினான். "கண்ணு, இறக்கையை விரிச்சுக் காட்டுடா. ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினான்.

பிறந்த நாளிலிருந்து அம்மாவைத் தவிரக் குஞ்சுக்குத் தெரிந்ததெல்லாம் கீறல் வழியாகப் பழம் நீட்டும் அந்த அலகு மட்டும்தான். அந்த அலகு கேட்டதைக் குஞ்சு செய்தது. விளிம்பில் வந்து நின்று, குருத்து விட்ட இரண்டு இறக்கைகளையும் அகல விரித்தது. கால் வழுக்கியது.

வெண்கண்ணி கூடவே குதித்தாள். பாதி இறகு அவளைத் தாங்கவில்லை. கிளைகளில் மோதி, தரையில் விழுந்து, நொண்டிக்கொண்டே வேர் மேல் கிடந்த பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தாள்.

"அப்பா, நான் விரிச்சேன்ல?" என்று கேட்டது குஞ்சு. அதற்குப் பிறகு அது எதுவும் கேட்கவில்லை.

கூட்டம் கொஞ்ச நேரம் நின்றது.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்" என்றது கோழி.

"சுவத்தை உடைக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு" என்றது மரங்கொத்தி.

"அப்பன் அவசரக்காரன், பாவம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு மந்தி தன் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மரமேறியது. ஆலமரத்தில் பழம் தீர்ந்துவிடுமே என்று எல்லோரும் கலைந்து போனார்கள்.

இறகு முளைக்கும்வரை வெண்கண்ணி புதரில் ஒளிந்து கிடந்தாள். நெடுவாயன் பழம் கொண்டுவந்து வைத்தான். அவள் தின்றாள், பேசவில்லை. மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. அடுத்த வருடம் பொந்துக்குள் நுழையும் முன்புதான் அவனைப் பார்த்து வாய் திறந்தாள்.

"அந்த மரத்துக்குப் போனதும் முதல் பழத்தை வாயில கவ்விக்கோ. திரும்பி இங்க வர்றவரைக்கும் கீழ வைக்காத. யாரு என்ன கேட்டாலும் சரி."

அப்படியே செய்தான். மறுபடியும் குஞ்சு பொரித்தது. மறுபடியும் கோழி வந்து நின்றது.

"போன வருஷந்தான் அப்படி ஆயிருச்சு. இந்தப் பிள்ளையாவது நல்லபடியா இருக்காண்ணே? எத்தனை நாள் ஆச்சு?"

நெடுவாயனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் பழம் இருந்தது. கோழியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தான்.

திமிர் பிடித்தவன் என்றது கோழி. பிள்ளைக்கு ஏதோ குறை, அதனால்தான் மூடி மறைக்கிறான் என்றது மரங்கொத்தி. அந்தப் பேச்சு ஒரு வாரம் ஓடியது. அதற்குள் மந்தியின் குட்டிக்கு வால் குட்டையாக இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, எல்லோரும் மந்தியிடம் போய்விட்டார்கள். நெடுவாயன் நாளைக்கு ஆறு நடை பறந்தான்.

உரிய காலம் வந்தபோது சுவர் உள்ளேயிருந்து உடைந்தது. இரண்டாவது பிள்ளை விளிம்பில் நின்று இறக்கையை விரித்து, ஒரே மூச்சில் ஆற்றைத் தாண்டி அக்கரை மரத்தில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்க்க மரத்தடியில் ஒருவரும் இல்லை.

நெடுவாயன் சந்தோஷத்தில் கத்தப் போனான். வெண்கண்ணி கீழே முதல் பிள்ளை விழுந்த வேரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

வழியில் போகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் நம் பிள்ளையைக் காட்டி நிரூபிக்கக் கிளம்பினால், அதற்கு விலை கொடுப்பது நாம் அல்ல, பிள்ளைதான்.