பிராணாயாமம் தெரிந்த மேனேஜர்

மதுரையில் ஆட்டோ ஓட்டும் இருளப்பனின் பெண்டாட்டி பேச்சிக்கு ஒரு மத்தியானம் மூச்சு முட்டியது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தான். ஆனால் அதே தெருவில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீஸில், மேனேஜர் தணிகாசலம் பில்லைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

"எங்க லிஸ்ட்ல உள்ள ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர்தானே? இருபது நிமிஷம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கலாமே!"

"முடியுமா சார்?"

"ஏன் முடியாது? நான் தினமும் பிராணாயாமம் பண்றவன்யா."

"அப்ப என் ஆட்டோவுல ஏறி மூச்சைப் பிடிச்சுக்கங்க சார். அந்த ஆஸ்பத்திரி வரைக்கும் தாக்குப்பிடிச்சா, நானே பில்லைக் கிழிச்சுப் போடுறேன்."

ஆபீஸே வேடிக்கை பார்த்தது. மேனேஜர் ஜம்மென்று ஏறி மூக்கைப் பிடித்துக்கொண்டார். புருஷனோடு ஆபீஸுக்கு வந்திருந்த பேச்சியும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முதல் சிக்னலில் ஆட்டோ நின்றது. பச்சை விழுவதற்குள் மேனேஜர் முகம் சிவந்து, 'ஹா' என்று வாயைப் பிளந்தார்.

பேச்சி பதறிப்போய் அவர் முதுகைத் தடவினாள். "மெதுவா விடுங்க சார். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

இருளப்பன் திரும்பிப் பார்த்தான். "இன்னும் ஏழரை கிலோமீட்டர் இருக்கு சார். போகலாமா?"

"ஆட்டோவைத் திருப்புப்பா," என்றார் மேனேஜர். "பேனா ஆபீஸ்ல இருக்கு."