ஒரு கைக் கத்தி

வெற்றிலைக் கொடிக்கால் முதலாளி ரத்தினசபாபதி சிங்கப்பூர் போனாலும் போனார், பன்னிரண்டு அலகு வைத்த மடக்குக் கத்தியோடு வந்து இறங்கினார். கத்தரி, ஸ்க்ரூடிரைவர், பல்குத்தி எல்லாம் அதிலேயே இருந்தன.

அன்று சந்தையில் அவருடைய வேலையாள் அங்கமுத்து, நாற்பது ரூபாய் மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“கத்தி வாங்குறியா, வித்தை காட்டுறியா?” என்று சிரித்தார் முதலாளி. “நாளையிலேருந்து என்னோடது மாதிரி கத்தி வச்சிருக்கிறவனுக்குத்தான் கொடிக்கால்ல வேலை!”

“ஆகட்டுங்க. ஏணியில ஏறி, கொடி கட்டின நாரை ஒரு தடவை அறுத்துக் காட்டுங்க. பார்த்துப் பழகிக்கிறோம்.”

மறுநாள் ஆட்கள் சுற்றி நிற்க, முதலாளி கம்பீரமாக ஏறினார். எட்டாவது படியில் ஒரு கை ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மறு கையில் இருந்த கத்தியோ திறக்கவே இல்லை. நகத்தால் நெம்பினார். வேட்டியில் தேய்த்தார். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். பல்குத்தி வெளியே வந்தது.

“இதுக்கு ரெண்டு கையும் வேணும்டா!” என்று கத்தினார்.

“தாராளமா ஏணியை விடுங்கய்யா,” என்றான் அங்கமுத்து. “அப்புறம் கத்தியே தேவைப்படாது.”

முதலாளி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“டேய், அந்தச் சந்தைக் கத்தி இன்னொண்ணு கிடைக்குமா?”

“கிடைக்கும்ங்க. சந்தைக்கு வரும்போது இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க.”