வெறும் சத்தம்

தன் நாட்டில் எத்தனை பாஷை பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு ராஜாவுக்கு ஆசை வந்தது. பதிவாகும் பாஷைக்கெல்லாம் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாகச் சொல்லி, சிங்காரவடிவேலு என்ற அதிகாரியை அனுப்பினார்.

அதிகாரி பல்லக்கில் மலையூருக்கு வந்தார். அங்கே பேசியதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"எனக்கே புரியாதது எப்படிய்யா பாஷையாகும்? வெறும் சத்தம்!" என்று, எதுவும் எழுதாமலே புறப்படப் பார்த்தார்.

அவருக்கு வெந்நீர் போட வந்த கெம்பிக்கு அவர் பாஷையும் தெரியும். வயிறு எரிந்தது. அவர் மீசையையே உற்றுப் பார்த்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ஓர் ஆடுகூடக் கத்தியது.

"என்னை என்னடி சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க சாமி, வெறும் சத்தம்."

"பொய்! என்னைத் திட்டினே. உனக்குக் கசையடி!"

"சத்தம் போட்டதுக்கா? அப்போ அந்த ஆட்டுக்கும் அடி உண்டுங்களா? திட்டினேன்னா இது பாஷைன்னு எழுதுங்க. அப்புறம் அர்த்தம் சொல்றேன்."

மீசையைத் தடவித் தடவிப் பார்த்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. பாஷைதான் என்று எழுதி, ராஜமுத்திரையும் குத்தினார்.

"இப்போ சொல்லு!"

"'எல்லாரும் கொஞ்சம் சத்தமா சிரிங்க'ன்னுதான் சாமி சொன்னேன்."

இந்தத் தடவை யாரும் சொல்லாமலேயே ஊர் சிரித்தது.